உப்புவெளிக்குப் போன வெள்ளிக்கிழமை

லோசான்,
20.03.1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாகப் பல்கனியில் பழைய பேப்பரை விரித்து என் சப்பாத்துகளைத் தட்டினேன். அடிப்பள்ளங்களில் உப்பு கல்லாக இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கீழ்வீட்டு மதாம் யன்னலைத் திறந்து மேலே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் தட்டுவதும் கொட்டுவதும் இந்தக் கட்டடத்தில் கூடாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மற்றச் சப்பாத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம்தான் வந்து சேர்ந்தேன். உடனே உங்களுக்குப் போன் எடுத்தேன். அத்தான் எடுத்து, "எல்லாரும் சுகம். அக்கா உமக்குக் கடிதம் போடுவா" என்றார். வாகினியைக் கூப்பிடச் சொன்னேன். படுத்துவிட்டாள் என்றார். வெளிச்சம் இருக்கும்போதே படுக்கிற பிள்ளையா என் மகள்? காய்ச்சல் ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்குப் போனில் கதைப்பது பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

போகும் முன் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆரோ ஒரு கிழவிக்குப் பின்னாலை உலகத்தின்ரை மற்றப் பக்கம் போறியோ?" என்றீர்கள். அந்தக் கிழவி, மதாம் ஷொல்லே, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவர். கல்யாணம் முடித்த புதிதில் வட சிலியில் இருந்திருக்கிறார். கணவர் உப்புவெளிகளில் தண்ணீர் அளந்து திரிந்த எஞ்சினியர். மலைக்கு மேலே உள்ள ஏரிகளுக்கு அந்தக் காலத்தில் மனைவிமாரைக் கூட்டிப் போவதில்லையாம். "செத்துப்போக முன்னம் ஒருக்கால் பார்க்க வேணும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் விடமாட்டேன் என்று வைத்தியர் சொல்ல, அவர் என்னைக் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அவருக்காகப் போனேன் என்று உங்களுக்குச் சொன்னது பாதி உண்மைதான். ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அற்றக்காமாப் பாலைநிலத்தைப் பற்றி எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன்! கரும்பலகையில் வரைந்து, மழை ஏன் இல்லை, குளிர் நீரோட்டம் எங்கே ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளை ஒருமுறை, "மழையே இல்லையெண்டா ஏரி எப்பிடி மிஸ் வந்தது?" என்று கேட்டாள். புத்தகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வியும் எனக்குள் கிடந்தது.

நாங்கள் தங்கிய ஊரின் பெயர் சான் பேத்ரோ. மண்வீடுகளும் ஒரு வெள்ளைத் தேவாலயமும்தான் ஊர். அங்கிருந்து ஒரு நாள் பயணமாக, 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை, விடிய முன்னம் புறப்பட்டோம். பழைய ஜீப். சிப்ரியானோ என்ற ஒருவர் ஓட்டினார். ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாமல் கதைப்பார். மதாம் ஸ்பானிய மொழியில் கேட்டு எனக்குப் பிரெஞ்சில் சொல்வார். பாதியை அவரே விழுங்கிவிடுவார். "என்ன சொன்னவர்?" என்று கேட்டால், "உனக்குத் தேவையில்லாதது" என்பார்.

உப்புவெளி என்றதும் நான் ஆனையிறவு உப்பளம் மாதிரி, விரித்த வேட்டி போல வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அக்கா. உழுது போட்ட வயல் அப்படியே கல்லாகிவிட்டது போல, கண்ணுக்கெட்டிய தூரம் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. மண்ணும் உப்பும் கலந்த பழுப்பு நிறம். விளிம்புகள் கத்தி மாதிரி. விழுந்தால் கை கிழியும். வெயில் ஏறத் தொடங்கியதும் அந்தக் கட்டிகள் வெடிக்கிற சத்தம் கேட்டது. விறகு அடுப்பில் வெடிப்பது போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மதாம் கைத்தடியை ஊன்றி நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "இதைப் பற்றி என் கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை" என்றார்.

நடுவில் கணுக்காலளவு தண்ணீர். எதிரே இருந்த எரிமலை முழுவதும் அதற்குள் தலைகீழாக நின்றது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சிப்ரியானோவைக் கேட்டேன். மலையைக் காட்டினார். மேலே விழுகிற பனி உருகி, நிலத்துக்குள் இறங்கி, இங்கே வந்து கசிகிறதாம். போக வழி இல்லாததால் நின்று, வற்றி, உப்பாகிறது. இவ்வளவுதான் விடை.

அந்தத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் பிடித்து, தண்ணீரை அரித்துக்கொண்டே நடக்கின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறம். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாக நிற்க, நாலைந்து பெரிய பறவைகள் மட்டும் காவல் நின்றன. மற்றத் தாய் தகப்பன்மார் தூரத்து ஏரிகளுக்கு இரை தேடிப் போய்விடுமாம். திரும்பி வந்து, அத்தனை குஞ்சுகளுக்குள்ளும் தன் குஞ்சைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்குமாம். வாகினிக்குச் சொல்லுங்கள், இந்த மாதிரிக் கதைகள் அவளுக்குப் பிடிக்கும்.

பிறகு இன்னும் மேலே, நாலாயிரம் மீற்றருக்கு மேல் உள்ள ஏரிக்குப் போனோம். அங்கே மதாமுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. இப்போது நல்லாயிருக்கிறார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். ஆவணியிலிருந்து எனக்குப் பகல் வேலை மட்டும் என்று இல்லத்தில் எழுதித் தந்துவிட்டார்கள். இரவு முறை இருந்ததால்தானே வாகினியின் அப்பா போன பிறகு அவளை உங்களிடம் விட்டேன். இனி அந்தக் காரணம் இல்லை. புதுப் பள்ளி ஆண்டு தொடங்கும்போது அவளை இங்கே கூட்டி வர நினைக்கிறேன். இரண்டு வருடத்தில் பிரெஞ்சை மறந்திருக்க மாட்டாள். உங்களுக்கும் அத்தானுக்கும் இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேரில் வந்து கதைப்போம்.

அன்புடன்,
ஞானேஸ்வரி


ஷாஃப்ஹவுசன்
23.03.88

தங்கச்சி ஞானத்துக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. பறவைக் கதை முழுக்க வாசிச்சன்.

நீ உந்த உப்புக்குள்ளை நிண்ட அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் உன்ரை மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். பள்ளிக்கூடத்தாலை வந்து கழிவறைக்குள்ளையிருந்து, "பெரியம்மா, எனக்கு என்னவோ செய்யுது, வாங்கோ" எண்டு கூப்பிட்டாள். எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. நீ நிக்கிற இடத்து நம்பர் கேட்டு முதல் உன்ரை வேலையிடத்துக்குத்தான் போன் எடுத்தனாங்கள். ஒருத்தி எடுத்து, நம்பர் ஒண்டும் இல்லை, நீ ஒரு கிழமை கழிச்சுத்தான் வருவாய் எண்டாள். பெத்தவளுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்ல வேண்டிப்போச்சு. சனிக்கிழமை அத்தானிட்டை நீ கேக்கேக்கை, போனிலை சொல்லுற விஷயமோ எண்டு நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான்.

எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. மாமி முறைக்கு இந்த நாட்டிலை ஆளில்லை. மேல்மாடிக் கமலாவதி மட்டக்களப்புப் பக்கம் எண்டாலும் புருசன் பிள்ளையளோடை இருக்கிறவ. அவதான் குளியலறைத் தொட்டிக்குள்ளை பலகை வைச்சுப் பிள்ளையை இருத்தித் தண்ணி வாத்தவ. உழுந்து இருந்தது. நல்லெண்ணெய்க்கு அத்தான் ஊர் முழுக்கத் திரிஞ்சு மருந்துச் சாப்பாட்டுக் கடையிலை ஒரு குட்டிப் போத்தில் வாங்கியந்தவர். பச்சை முட்டையைக் குடிக்கச் சொல்ல உன்ரை மகள், "இது சட்டப்படி சரியோ பெரியம்மா?" எண்டு கேட்டாள். வாய்க்கொழுப்பு உன்னை மாதிரி.

பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை. வயித்துக்குத்து எண்டு அத்தான் சொல்லிப்போட்டார். அஞ்சாம் நாள் ரீச்சர் பொலிங்கர், படிப்புத் தாளோடையும் தோடம்பழத்தோடையும் கதவடியிலை நிக்கிறா! அறைக்குள்ளை வந்து பாத்தா. பிள்ளை புதுப்பாயிலை இருக்கு, பக்கத்திலை இரும்புக்காக வைச்ச பாக்குவெட்டி. அதைப் பாத்திட்டு என்னைப் பாத்தா. பேந்து பிள்ளையைப் பாத்தா. "பயமில்லை, இது பாக்கு வெட்டிறது" எண்டு வாகினி சொன்னாள். "வயித்துக்குத்துக்கு ஏன் பாக்கு?" எண்டு ரீச்சர் கேட்டிருக்கிறா. கடைசியிலை உன்ரை மகள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். அடுத்த நாள் வகுப்பே அவளுக்குக் கார்ட் எழுதி அனுப்பியிருக்கு. வெக்கக்கேடு.

சாமத்திய வீடு மே முதலாந்திகதி, ஞாயிறு. விருந்துக்குச் சேர்ச் மண்டபம் எடுத்தாச்சு. சூரிச் யோகராஜா அழைப்பிதழைக் கையாலை எழுதி கொப்பி அடிச்சுத் தந்திட்டார். எங்கட ரண்டு பேரின்ரை பேரிலை, தம்பித்துரை - பரமேஸ்வரி தம்பதியினரின் செல்வப் புதல்வி எண்டுதான் போட்டிருக்கு. குலேந்திரன் இல்லாத இடத்திலை உன்ரை பேரைத் தனியப் போட ஏலாது. நீ படிச்சனி, உனக்கு விளங்கும்.

நீ கட்டாயம் வா. ஆனால் அண்டைக்குக் காலமை எங்கட வீட்டிலை திரும்பவும் தண்ணி வாத்து, ஆலாத்தி முடியுமட்டும் உள்ளறையிலை இரு. நான் உனக்கு எதிரா இதைச் சொல்லேல்லை. முறை அப்பிடி. பிள்ளைக்கு ஒரு குறை வரக்கூடாது.

காவல் நிக்கிற பறவையள் எண்டு எழுதியிருந்தாய். தாய் வந்து குரல் கேட்டுக் கூட்டிக்கொண்டு போகுமாம். அதுக்குக் கீழை ஆவணியிலை கூட்டிக்கொண்டு போறனெண்டு எழுதியிருக்கு. என்னை எந்தப் பறவையெண்டு நினைச்சு எழுதினனி?

அக்கா


லோசான்,
26.03.1988

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியடியில் நின்றே வாசித்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து இன்னொருமுறை வாசித்தேன். முதலில் சந்தோஷப்பட்டேனா, அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பச்சை முட்டை சட்டப்படி சரியா என்று அவள் கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். அது மட்டும் தெரியும்.

அந்தப் பறவை வெறும் பறவைதான், அக்கா. வாகினிக்காக எழுதினேன். உங்களை நினைத்து எழுதவில்லை. அதற்குக் கீழேயே ஆவணிக் கதையை எழுதியது என் பிழை. தாளில் இடம் இருந்தது, எழுதிவிட்டேன்.

அன்று உங்களுக்குப் பின்னேரம் என்றால் எனக்கு முற்பகல். அந்த நேரத்தில் நான் மேல் ஏரியில் இருந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன் என்று போன கடிதத்தில் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மேலே ஏறும் வழியில் மஞ்சள் புல் மட்டும்தான் இருக்கிறது. மான் மாதிரி மெலிந்த விலங்குகள் அதை மேய்ந்துகொண்டு நின்றன. மதாம் கதைப்பதை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. "இறங்குவோம்" என்றேன். "இல்லை" என்றார். சிப்ரியானோ கொக்கா இலைத் தேநீர் கொடுத்தார். அடுத்த வளைவில் ஏரி தெரிந்தது. அவ்வளவு நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கரை முழுக்க வெள்ளை உப்பு. மதாமால் ஜீப்பை விட்டு இறங்க முடியவில்லை. "நீ போ. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். நான் இங்கிருந்து உன்னைப் பார்க்கிறேன்" என்றார். சிப்ரியானோ அவருடன் இருக்க, நான் தனியாகக் கரைவரை இறங்கிப் போனேன்.

பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. குலேந்திரனின் மனைவி என்றோ, குலேந்திரன் இல்லாதவள் என்றோ யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாகினியை நினைத்தேனா என்றால், இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் யாரையும் நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மதாமுக்கு மூச்சு இழுத்தது. உடனே கீழே இறக்கச் சொன்னேன். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டே, மன்னியுங்கள், நான்தான் முதலிலேயே திருப்பியிருக்க வேண்டும், என்னால்தான் இப்படி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிட்ட வந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது. முதல் சொன்னது இதுதான்: "என்னைத் திணற வைத்தது நாலாயிரம் மீற்றர் உயரம். நீ உயரம் இல்லை. கையை விடு, நோகிறது."

இனி அழைப்பிதழ். என்னை உள்ளறையில் இருக்கச் சொல்கிறீர்கள். அதைப் பற்றி நேரில் கதைக்கலாம். ஆனால் அவர் பெயரை எடுத்துவிட்டு வாகினியை இன்னொருவரின் புதல்வி என்று எழுத நான் சம்மதிக்க மாட்டேன். செத்தவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டு எழுதுவது நம் ஆட்களின் வழக்கம்தானே. திருப்பி எழுதச் சொல்லுங்கள். யோகராஜா முணுமுணுத்தால் நான் கதைக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கு வருகிறேன். நாலு நாள் லீவு.

ஞானேஸ்வரி


ஷாஃப்ஹவுசன்
7.4.88

ஞானம்,

நீ ஞாயிற்றுக்கிழமை காலமை சாப்பிடாமல், பிள்ளை எழும்ப முன்னம், முதல் ரயிலுக்குப் போனது சரியில்லை. நாலு நாளெண்டு வந்தனி. அத்தான் ஸ்ரேசனுக்குப் பின்னாலை ஓடி வந்தவர், உனக்குத் தெரியுமோ? மேல்கோட்டுப் போடாமல் ஓடி இப்ப தடிமன் பிடிச்சுக் கிடக்கிறார். "உங்கட சண்டைக்கு நான் மூக்குச் சிந்திறன்" எண்டு சொல்லுறார்.

நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தன். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக்குச் சீலை உடுத்திப் பாக்கேக்கை நீ கொசுவம் பிடிச்சுக்கொண்டிருந்தனி. கமலாவதி வந்து, "நீங்க விடுங்க, நான் பிடிக்கன்" எண்டு உன்ரை கையிலையிருந்து வாங்கினவ. அவ கெட்ட மனுசி இல்லை. நான் பக்கத்திலை ஊசியோடை நிண்டனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. அதுக்குப் பிறகு குசினிக்குள்ளை, ஏன் பேசாமல் நிண்டனீங்கள் எண்டு நீ கேக்க, "நீ இரண்டு வருசமா எங்கை நிண்டனி?" எண்டு கேட்டது பிழைதான். நீ இரவிரவா வேலை செய்துகொண்டு நிண்டனி எண்டு எனக்குத் தெரியாதோ. வாயிலை வந்திட்டுது.

அழைப்பிதழ் மாத்தியாச்சு. காலஞ்சென்ற குலேந்திரன் - ஞானேஸ்வரி தம்பதியினரின் புதல்வி எண்டு யோகராஜா திருப்பி எழுதித் தந்திட்டார். "முந்தியே யோசிக்கிறேல்லையோ அக்கா?" எண்டு கேட்டவர்தான், ஆனால் எழுத்து முந்தினதிலும் பாக்க வடிவு. பழைய கார்ட் எல்லாத்தையும் நான் கிழிச்சுப்போட்டன்.

இப்ப நான் சொல்லுறதைக் கோவிக்காமல் வாசி.

ஆவணியிலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் மறிக்கேல்லை. ரீச்சரோடை நானே கதைச்சுக் கடிதமும் வாங்கித் தாறன். அவளுக்கு முன்னாலை அழவும் மாட்டன். ஆனால் மே முதலாந்திகதி மட்டும் எனக்குத் தா. நான் ஒண்டையும் பெறேல்லை. இனிமேல் என்ரை வீட்டிலை சாமத்திய வீடு எண்டு ஒண்டு வரப்போறேல்லை. அந்த ஒரு நாள் நானும் அத்தானும் முன்னுக்கு நிண்டு செய்யிறம். தண்ணி கமலாவதி வாக்கட்டும். ஆலாத்தி முடிஞ்ச பிறகு நீ வந்து பிள்ளைக்குப் பக்கத்திலை இரு, படம் எடு, என்ன வேணுமெண்டாலும் செய். அதுக்கு முதல் உள்ளறை.

நீ இதையெல்லாம் நம்பேல்லை எண்டு சொல்லுவாய். சரி. ஆனால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டால், அவளின்ரை கல்யாணம் பிழைச்சுதெண்டால், சனம் எங்கை வந்து நிக்கும்? உன்ரை தலையிலைதானே. உனக்கு அந்தப் பழி வரக்கூடாது எண்டும்தான் சொல்லுறன்.

பதில் போடு.

அக்கா


லோசான்,
11.04.1988

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குத் தடிமன் சுகமா? கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். ஸ்ரேசனுக்கு அவர் வந்தது எனக்குத் தெரியாது. ரயில் வெளிக்கிட்டுவிட்டது.

அழைப்பிதழுக்கு நன்றி. அதை மாற்றியது உங்களுக்கு லேசாக இருந்திருக்காது.

மற்றதற்கும் சரி, அக்கா. நீங்கள் சொன்னபடியே செய்வோம். ஆலாத்தி முடியும் வரை உள்ளறையில் இருக்கிறேன். வாகினியை இரண்டு வருடம் வளர்த்தது நீங்கள். அவளுக்குக் கடைசிப் பால் பல் விழுந்து முளைத்தது உங்கள் வீட்டில். ஒரு நாளைக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

30ஆம் திகதி சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருவேன். பலகாரம் சுட வேண்டியதைச் சொல்லுங்கள். பயற்றம் பணியாரம் நான் சுடுகிறேன், அதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள்தானே.

ஞானேஸ்வரி


லோசான்,
29.04.1988, வெள்ளி, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கைப்பையில் கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்து சனம் போன பிறகு உங்கள் கையில் தருவேன். அப்போது நீங்கள் என்னோடு கதைக்க மாட்டீர்கள். ஆனால் வாசிப்பீர்கள்.

சரி என்று எழுதியபோது மனதறிந்துதான் எழுதினேன். பொய் சொல்லவில்லை. ஆவணியில் வாகினி வருகிறாள், அதற்கு ஒரு காலைப்பொழுது உள்ளறையில் இருந்தால் என்ன என்று நினைத்தேன். மதாம் ஷொல்லேயிடமும் சொன்னேன். அவர், "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மணித்தியாலம் இருக்கும் என்றேன். "அப்படியென்றால் ஒரு புத்தகம் கொண்டு போ" என்றார். நானும் சிரித்தேன். உண்மையிலேயே ஒரு புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் வாகினி போன் எடுத்தாள். நீங்களும் அத்தானும் மண்டபத்துத் திறப்பு வாங்கப் போயிருந்தீர்களாம்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை நீங்க ஏன் அறைக்குள்ளை இருக்கப் போறீங்க?"

"முறை அப்பிடி பிள்ளை. கொஞ்ச நேரம்தானே."

"கமலாவதி அன்ரி சொன்னவ, நீங்க முன்னுக்கு வந்தா எனக்குக் கூடாதாம். எனக்குப் பிறகு ஏதோ நடக்குமாம்."

அவளே திருப்பிக் கேட்டாள்.

"உண்மையோ அம்மா? நீங்க ரீச்சர்தானே. உண்மையோ, பொய்யோ?"

பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பொய் என்று சொன்னால், அப்படியென்றால் ஏன் அறைக்குள் இருக்கிறீர்கள் என்று கேட்பாள். உண்மை என்று எப்படிச் சொல்வது? "சனிக்கிழமை வந்து சொல்லுறன்" என்றேன். அவள் சரி என்று ஜெர்மனில் சொன்னாள். என்னோடு ஜெர்மனில் கதைக்க மாட்டாள், தெரியும்தானே.

எனக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் போன பிறகு, யாரும் சொல்லாமலே, எத்தனை இடங்களில் நானே ஒதுங்கி நின்றிருக்கிறேன். வேலையிடத்துச் செல்வராணியின் கல்யாணத்தில் மேடைக்கு ஏறாமல் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்தேன். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். கையில் பிள்ளை இருக்கிறவர்கள் எனக்குக் கிட்ட வந்தால் இப்போதும் ஒரு அடி பின்னால் போகிறேன். நம்பவில்லை என்று உங்களிடம் வாதாடுகிற அதே ஆள்தான். நாளைக்கு வாகினிக்குக் காய்ச்சல் வந்தால்கூட முதலில் என்னைத்தான் நானே பார்ப்பேன். சனத்துக்கு முன்னம் அந்தப் பழியைப் போடப் போகிறவள் நான்தான்.

ஆனால் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், அதுதான் அவள் கேள்விக்குப் பதிலாக நிற்கும். பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாது. ஆவணியில் பெட்டியோடு இங்கே வந்து இறங்கும் பிள்ளை, தன் தாயின் கை படுவது தனக்குக் கூடாது என்று நம்பிக்கொண்டு வருவாள். சீலை உடுக்கும்போது கொசுவத்தைத் தானே பிடித்துக்கொள்வாள். எனக்கு முன்னால் அழாமல் இருக்கப் பழகிவிடுவாள். அப்படி ஒரு பிள்ளையை உங்களிடமிருந்து வாங்கி வருவதில் அர்த்தமில்லை.

ஞாயிறு விடிய எல்லாரும் எழும்ப முன்னம் அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், சத்தமில்லாமல் ஒரு செம்பு வார்த்துவிட்டு, பிறகு போய் உள்ளறையில் இருப்போமா என்றும் யோசித்தேன். ஒரு இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கும், எனக்கும் மனம் ஆறும். ஆனால் அது களவு. களவாகச் செய்தால், செய்யக்கூடாததைச் செய்தோம் என்று அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

உங்களுக்குத் தருகிறேன் என்ற நாளை நான் முழுதாகத் தரப்போவதில்லை. அத்தான் தேங்காய் உடைக்கட்டும். நீங்கள் பால் அறுகு வையுங்கள். ஆலாத்தியைக் கமலாவதியோடு சேர்ந்து நீங்களே எடுங்கள். விருந்தினரை வாசலில் நின்று வரவேற்பதும் நீங்கள்தான். அதில் ஒன்றையும் நான் தொடமாட்டேன். இதை வாசித்துவிட்டு, வாக்குத் தவறியவளுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் அதற்கும் முகம் கொடுக்க வேண்டியதுதான். சண்டை பிடிப்பேன், ரயில் ஏறி ஏறி வருவேன். ஆனால் அன்று அந்த இடத்தில் நிற்காமல் விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

உங்கள் குளியலறையில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. நான் கதவடியில் நிற்பேன். பிள்ளையைத் தொட்டிக்குள் பலகையில் இருத்தி, கமலாவதி செம்பை எடுக்கும்போது உள்ளே வந்து கையை நீட்டுவேன். தாருங்கோ என்று கேட்பேன். அவ தராவிட்டால், தரும்வரை நீட்டிய கையோடு நிற்பேன். முதல் தண்ணீர் நான்தான் வார்ப்பேன்.

இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மதாமுக்கும் இல்லை, வாகினிக்கும் இல்லை.

ஞானேஸ்வரி